சிபாரிசு செய்யப்பட்ட சிரிப்பு

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்களில் வெளிநாட்டுக்காரன் ஒருவன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற பட்டியல்களுக்குக் குறைவில்லை. பட்டியல் போடுகிறவர் யாராக இருந்தாலும் பெயர்கள் அநேகமாக ஒன்றேதான். 'ஃபால்ட்டி டவர்ஸ்', 'யெஸ் மினிஸ்டர்', 'மிஸ்டர் பீன்'. நம் பக்கத்து ஆளாக இருந்தால் கூடவே 'மைண்ட் யுவர் லாங்வேஜ்'. இந்தக் காரியத்தில் வெள்ளைக்காரர்களைவிட நம்மவர்கள் அதிக உற்சாகம் காட்டுகிறார்கள். இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு குமாஸ்தாவாகவோ லெக்சரராகவோ ஆகிப்போன ஒருவர், தன்னைப் போன்ற இன்னொருவரைக் கண்டுகொண்டதும் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, "அதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்பது. பார்த்திருந்தால் நீங்கள் உள்ளே. பார்க்காவிட்டால் உங்களுக்கு ஒரு வாரம் தவணை.

ஒரு நாவலைச் சிபாரிசு செய்கிறவர் ஓர் அனுபவத்தின் பக்கம் நம்மைத் திருப்பிவிடுகிறார். அதற்குமேல் நம் பாடு. சிரிப்பைச் சிபாரிசு செய்கிறவர் அதோடு நிற்பதில்லை. யாரைப் பார்த்துச் சிரிப்பது, எங்கே உட்கார்ந்துகொண்டு சிரிப்பது என்பதையும் சேர்த்தே கொடுக்கிறார். இந்த இரண்டாவது விஷயம் பேசப்படுவதில்லை. 'நன்றாகச் சிரிக்கலாம்' என்ற இரண்டு வார்த்தைக்குள் அது மறைந்துவிடுகிறது. மறைந்திருப்பதை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் எண்ணம்.

சிரிப்பு தனியாக நடக்கிற காரியமல்ல என்று பெர்க்சன் 1900-இல் வெளிவந்த தன் சிறு நூலில் வாதிட்டார். அதற்கு அவர் சொல்லும் உதாரணம் அழுகையைப் பற்றியது. தேவாலயத்தில் பிரசங்கம் கேட்டு எல்லோரும் அழுகிறார்கள். ஒருவன் மட்டும் அழவில்லை. ஏன் என்று கேட்டால், நான் இந்தப் பங்கைச் சேர்ந்தவன் இல்லையே என்கிறான். அழுகையைப் பற்றி அவன் சொன்னது சிரிப்புக்கு இன்னும் பொருந்தும் என்பது பெர்க்சனின் கருத்து. அதாவது சிரிப்புக்கு ஒரு ஊர் உண்டு, ஊருக்கு எல்லை உண்டு. கடல் தாண்டி ஒரு நகைச்சுவையைச் சிபாரிசு செய்கிறபோது, அந்த ஊரில் நமக்கு ஒரு தற்காலிகக் குடியுரிமையும் வாங்கித் தரப்படுகிறது. இலவசமாகக் கிடைக்கிற குடியுரிமைக்கு என்ன விலை என்று விசாரிப்பதில் தவறில்லை.

அந்த நாளைய பிரிட்டிஷ் தொடர்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் பதிவு செய்யப்பட்டவை. அவர்களுடைய சிரிப்பும் படத்தோடு சேர்ந்து நமக்கு வந்து சேர்கிறது. திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ பார்க்கிறவன் முதலில் கேட்பது வசனத்தைக்கூட அல்ல, லண்டனில் என்றைக்கோ யாரோ சிரித்த சிரிப்பை. அவர்கள் சிரித்த இடத்தில் நாமும் சிரிக்கிறோம். சில சமயம் அரை நொடி தாமதமாக. பட்டியல் போடுகிற நண்பருக்கு முன்பே, தொடருக்குள்ளேயே ஒரு சிபாரிசு பதிவாகி இருக்கிறது.

தடையில்லாமல் எல்லை கடக்கிற நகைச்சுவையும் உண்டு. 1990-இல் தொடங்கிய 'மிஸ்டர் பீன்' ஓர் உதாரணம். ரோவன் அட்கின்சன் அதில் அநேகமாகப் பேசுவதே இல்லை. பேச்சை எடுத்துவிட்டால் வர்க்கம், உச்சரிப்பு, பள்ளிக்கூடம், யார் யாருக்கு எந்தக் குரலில் 'சார்' சொல்கிறார்கள் என்ற நுணுக்கம் எல்லாம் கூடவே போய்விடும். மிஞ்சுவது உடம்பு. உடம்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வழுக்கி விழுகிறது. மூன்று வயதுக் குழந்தை, யாரும் சொல்லாமலே 'மிஸ்டர் பீன்' பார்க்கிறது. ஆகவே சிபாரிசு என்ற கேள்வி எழுவது, தானாகக் கடக்க முடியாத, மொழியில் வேர்கொண்ட சிரிப்பைப் பற்றித்தான்.

இந்த இடத்தில் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலை நினைவுகூர்வது பண்டிதத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அதில் இருப்பது பழம் பெருமைக்கான சரக்கல்ல, உபயோகமான சிந்தனை. எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உரை எழுதிய பேராசிரியர் இதற்குமேல் ஒரு படி போகிறார். எள்ளல் இரு வகை; பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது மற்றொன்று. இரண்டாவது வகையை அவர் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. ஹாப்ஸ் போன்ற ஒருவர், சிரிப்பு என்பது நம் மேன்மையை நாம் திடீரென்று உணர்வது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எள்ளப்பட்டவனும் சிரிக்கிறான், அதுவும் நகைதான் என்ற யோசனை அந்த விளக்கத்துக்குள் அடங்காது.

பேதைமையையும் மடனையும் பிரித்ததிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பேதைமை அறியாமை. மடன் அப்படியல்ல, பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்டதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. ஒன்றும் தெரியாதவன் செய்வது பேதைமை; சொல்லிக்கொடுத்ததை அளவுக்கு மீறி நம்புகிறவன் செய்வது மடன். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடருக்கு வருவோம்.

லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் தயாரித்த இந்தத் தொடர் 1977 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1979 வரை ஓடியது. எழுதியவர் வின்ஸ் பவல். லண்டனில் ஒரு மாலை நேர வகுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார் பிரவுன் என்ற வாத்தியார். பாரி எவன்ஸ் நடித்தார். மாணவர்களில் பிரெஞ்சுப் பெண், ஜெர்மன் பெண், இத்தாலியன், கிரேக்கன், ஸ்பானியன், ஜப்பானியன், சீனப் பெண் ஆகியோருடன் நம் துணைக்கண்டத்துக்காரர்கள் மூன்று பேர்: சீக்கியர் ரஞ்சித் சிங், பாகிஸ்தானியர் அலி நதீம், எந்நேரமும் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் ஜமீலா. ரஞ்சித்தாக நடித்த ஆல்பர்ட் மோசஸ் சீக்கியரல்ல, இலங்கையில் பிறந்தவர். அலியாக நடித்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். எந்த ஊர்க்காரன் எந்த ஊர்க்காரனாக நடித்தால் என்ன, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதானே என்ற அலட்சியம் பாத்திரத் தேர்விலேயே இருக்கிறது.

தொடரை நிறுத்தியவர் அந்த நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட். வெளிநாட்டாரைப் பற்றிய வார்ப்புகள் புண்படுத்துபவை என்பது அவர் கருத்து. அதை வெறும் சொகுசான மனசாட்சி என்று தள்ளிவிட முடியாது. 1977 ஆகஸ்டில்தான் லண்டனின் லூயிஷாம் பகுதியில் நேஷனல் ஃப்ரண்ட் ஊர்வலம் நடத்தி, எதிர்ப்பாளர்களோடும் போலீசோடும் மோதல்கள் நடந்தன. வெளிநாட்டானைத் திரும்பிப் போ என்று தெருவில் சத்தம் போடுகிற ஊரில், அவன் பேசுகிற இங்கிலீஷை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பதற்கு அர்த்தம் கொஞ்சம் வேறுதான்.

ஆனால் நிறுத்தப்பட்ட தொடர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பாகிஸ்தானுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கென்யாவுக்கும் நைஜீரியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. யாரைப் புண்படுத்தும் என்று லண்டனில் ஒருவர் கவலைப்பட்டாரோ, அவர்கள்தான் அதை வாஞ்சையோடு ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு முந்தைய தலைமுறைக்காரர்கள் ரஞ்சித் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கேட்பதை இன்னமும் நடித்துக் காட்டுகிறார்கள்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகக் கிடைக்கும். ஒன்று, நமக்குப் பெரிய மனசு, நம்மைப் பார்த்தே சிரிக்கத் தெரிந்தவர்கள் நாம் என்பது. இரண்டாவது, இது அடிமைப் புத்தி, எஜமானன் கிண்டல் செய்தால்கூட இளிக்கிறோம் என்பது. முதலாவது தன்னையே மெச்சிக்கொள்கிறது. இரண்டாவது மற்றவர்களை ஏசுவதில் திருப்தி அடைகிறது. இரண்டுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன. அந்த வகுப்பறையில் இந்தியப் பார்வையாளன் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்? ரஞ்சித்தின் நாற்காலியிலா?

இல்லை. அவன் பிரவுனுடைய நாற்காலியில் இருக்கிறான். ரஞ்சித் இலக்கணப் பிழை செய்தால் அது பிழை என்று தெரிந்தால்தான் சிரிப்பு வரும். தெரிந்துவிட்ட அந்த நொடியில் நான் ரஞ்சித் இல்லை என்று ருசுவாகிவிடுகிறது. இங்கிலீஷ் தெரியும் என்பது ஒரு திறமை மட்டுமாக இருக்கிற ஊரில் இந்த ருசுவுக்குப் பெரிய மதிப்பில்லை. அதுவே சோறாகவும் கல்யாணமாகவும் நகரத்துக்கு மாற்றலாகவும் இருக்கிற ஊரில், ஒவ்வொரு சிரிப்பும் ஒரு சின்ன சர்ட்டிபிகேட். லண்டன்காரன் அந்நியனைப் பார்த்துச் சிரிக்கிறான். நம்மவன் சிரிப்பது தன் சித்தப்பாவை, தன்னோடு படித்துப் பத்தாவதில் நின்றுபோனவனை, போன வருஷத்துத் தன்னைப் பார்த்து. ஒலிநாடாவில் இரண்டும் ஒரே சிரிப்பாகத்தான் கேட்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வகுப்பில் நடக்கும் பிழைகளில் பாதிக்குமேல் பேதைமை இல்லை, மடன். வாத்தியார் ஒரு விதி சொல்கிறார். மாணவன் அதை அப்படியே நம்பி எல்லா இடத்திலும் பொருத்துகிறான். மொழியின் ஒழுங்கின்மை அங்கே அம்பலமாகிறது. தவறு விதியினுடையது, அதை நம்பியவன் நாணயஸ்தன். ஒரு நல்ல நகைச்சுவையாளன் இதைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷையே சிரிப்புக்கு உள்ளாக்கியிருப்பான். தொடர் அங்கங்கே அப்படிச் செய்யவும் செய்கிறது. அந்த இடங்களில் உயிர் இருக்கிறது. மற்ற இடங்களில் மடனைப் பேதைமையாகக் காட்டிக் காசு வாங்கிக்கொள்கிறது.

பிரவுனுடைய நாற்காலி நிரந்தரமானதல்ல என்பது தமிழனுக்குச் சீக்கிரமே தெரிந்தது. 1993-இல் 'ஸபான் ஸம்பால்கே' என்ற பெயரில் இதே தொடர் தூர்தர்ஷனில் இந்தியில் வந்தது. பங்கஜ் கபூர் வாத்தியார், சொல்லிக்கொடுப்பது இந்தி. இந்த வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தென்னிந்தியர். வேறு வார்த்தையில் சொன்னால் நாம். 'படோசன்' படத்தில் 1968-லேயே மெஹ்மூத் தமிழ்ப் பாட்டு வாத்தியாராக வந்து வடக்கே எல்லோரையும் சிரிக்கவைத்தாயிற்று. மொழிக்காகச் சிறைக்குப் போன மாநிலத்தில், இந்தத் தமாஷ் லேசாகச் சுருக்கென்றதில் ஆச்சரியமில்லை. ரஞ்சித்தைப் பார்த்துச் சிரித்தவர் 'மதராசி'யைக் காட்டும்போது முகம் சுளித்தார் என்றால், அவருக்கு நகைச்சுவை உணர்வு போதவில்லை என்று அர்த்தமல்ல. நாற்காலி மாறிவிட்டது.

நாமும் மற்றவர்களுக்கு இதைச் செய்யாமல் இல்லை. 'நம்பள்', 'நிம்பள்' என்று பேசும் சேட்டு, மலையாளம் கலந்து பேசும் டீக்கடைக்காரர் எல்லாம் தமிழ் நாடக மேடையிலும் சினிமாவிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக வேலை செய்திருக்கிறார்கள். 2000-இல் வந்த 'தெனாலி'யில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஈழத் தமிழர் ஒருவர் நாயகன். அந்தப் பயத்துக்கு யுத்தம்தான் காரணம் என்று படம் சொல்லவும் செய்கிறது. இருந்தும் தியேட்டரில் பலர் சிரித்தது பயத்துக்கு மட்டுமல்ல, அந்தத் தமிழுக்கும்தான். அகதி முகாமில் இருந்த ஒருவர் இந்தப் படத்தைப் பார்க்கும்போது எங்கே உட்காருவார் என்று சிபாரிசு செய்தவர்கள் கேட்டிருக்க வேண்டாமா?

இப்போது 'ஃபால்ட்டி டவர்ஸ்'. பி.பி.சி.யில் 1975-லும் 1979-லுமாக மொத்தம் பன்னிரண்டே பகுதிகள். ஜான் கிளீசும் கானி பூத்தும் எழுதியது. இதிலும் இங்கிலீஷ் சரியாக வராத வெளிநாட்டான் ஒருவன் இருக்கிறான்: பார்சலோனாவிலிருந்து வந்த சர்வர் மானுவல். அவன் அடிவாங்குகிறான், திட்டு வாங்குகிறான், எதையும் தப்பாகப் புரிந்துகொள்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் ரஞ்சித்தின் அண்ணன். ஆனால் இங்கே சிரிப்பு போய்ச் சேர்கிற இடம் வேறு. ஹோட்டல் முதலாளி பாசில் ஃபால்ட்டி தனக்கு மேலே இருப்பவனிடம் குழைகிறான், கீழே இருப்பவனிடம் சீறுகிறான். தனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று பெருமையடித்துக்கொண்டு உளறுகிறவனும் அவனே. மானுவலின் மடன், முதலாளியின் அல்பத்தனத்தை வெளியே கொண்டுவருகிற கருவி. சிரித்து முடித்ததும் நம் மனதில் சிறுத்துப்போய் நிற்பது மானுவல் அல்ல.

மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் 1930-இல் பெர்லினில் பிறந்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1938-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். புது மொழிக்குள் அகதியாக வந்து நின்ற சிறுவனுக்குத் தெரிந்தது ஏதோ அந்த நடிப்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன், நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடிகிற விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தொடர் ஸ்பெயினுக்குப் போனபோது மானுவல் இத்தாலியனாக்கப்பட்டான். கேட்டலன் மொழியில் பேசவைத்தபோது மெக்சிகோக்காரனானான். எவ்வளவு நல்ல நகைச்சுவையானாலும், அந்த நாற்காலியில் பக்கத்து ஊர்க்காரன் உட்கார்ந்தால்தான் நமக்கு நிம்மதி.

அதிகாரத்தைக் கிண்டல் செய்கிற தொடர்களைச் சிபாரிசு செய்தால் இந்தச் சங்கடம் இல்லையே என்று கேட்கலாம். 'யெஸ் மினிஸ்டர்' 1980-இலிருந்து 1984 வரையும், அதன் தொடர்ச்சியான 'யெஸ் பிரைம் மினிஸ்டர்' 1986-இலிருந்து 1988 வரையும் வந்தன. ஒன்றும் செய்யாமலிருப்பதற்கு ஓர் அதிகாரி எவ்வளவு அழகான வாக்கியங்கள் பேச முடியும் என்று ஆண்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் காட்டினார்கள். எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்தது. 2001-இல் ஃபரூக் ஷேக் நடிக்க 'ஜீ மந்திரிஜீ' என்று இந்தியிலும் வந்தது. நம்மூர் ஆபீஸ்களில் இதைச் சிபாரிசு செய்கிறவர்கள் யார் என்று பாருங்கள். ஃபைலை நகர்த்தாத அதிகாரிகள்தாம். மார்கரெட் தாட்சருக்கு இந்தத் தொடர் மிகவும் பிடிக்கும். 1984 ஜனவரியில் ஒரு பரிசளிப்பு விழாவில் அதன் நடிகர்களோடு சேர்ந்து அவரே ஒரு சிறு காட்சியில் நடித்தார். பேராசிரியர் சொன்ன இரண்டாவது எள்ளல், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது, அதிகாரத்தின் கையில் போய்ச் சேரும்போது இப்படியாகிவிடுகிறது. ரஞ்சித்தின் சிரிப்பும் தாட்சரின் சிரிப்பும் ஒரே தலைப்பின் கீழ் வருபவை. ஒருவருக்கு அது தப்பிக்கிற வழி, இன்னொருவருக்கு அது மேலும் ஒரு அலங்காரம்.

'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொடரில் 1966-இலிருந்து வந்த ஆல்ஃப் கார்னெட் என்ற இனவெறி பிடித்த கிழவனுக்கு நேர்ந்ததும் இதுவே. எழுதிய ஜானி ஸ்பைட் அவனைக் கேலி செய்யத்தான் எழுதினார். அவன் பேசியதெல்லாம் நியாயம் என்று ரசித்தவர்கள் ஏராளம். இதே கதை அமெரிக்காவில் 'ஆல் இன் தி ஃபேமிலி' ஆனபோது, விட்மர், ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், முன்முடிவுகள் அதிகம் உள்ள பார்வையாளர்கள் கேலி செய்யப்படுகிற ஆளையே தங்கள் பக்கத்து ஆளாக எடுத்துக்கொண்டார்கள் என்று காட்டினார்கள். ஆகவே எழுதியவனின் நோக்கம் நல்லது என்பது சிபாரிசுக்குப் போதாது. யார் பார்க்கிறார்கள், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பது மிஞ்சித்தான் நிற்கிறது.

இதெல்லாம் லண்டன் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்காக என் பக்கத்து உதாரணம் ஒன்று. கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில், துறையூர் வட்டத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மேலே ஆகாய கங்கையில் விழுகிற ஐயாறு இங்கே வந்துதான் சமவெளியைத் தொடுகிறது. மலைக்கு ஏறி இறங்கும் நடைபாதையும் உண்டு. மேலே வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லிக்கொள்ளும் கதை. மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் மலையாளிகள்.

பாங்க் கவுன்ட்டரில், புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கேரளாவா? கொஞ்சம் மலையாளம் பேசிக் காட்டு பார்ப்போம்" என்பார். வரிசையில் நிற்கிற டவுன்காரர்கள் சிரிப்பார்கள். மலைக்காரர் புரியாமல் நிற்பார். சில சமயம் அவரும் சிரித்துவைப்பார். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சாதிச் சான்றிதழ் இருக்கிறது, கடன் இருக்கிறது, பெண்ணின் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. சிரித்துவைக்காவிட்டால் எது எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. எள்ளப்பட்டவன் ஏன் நகுகிறான் என்ற கேள்விக்கு உரையாசிரியரைத் தேடிப் போக வேண்டியதில்லை. பத்து நிமிஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்தால் போதும். அந்த அதிகாரிக்கு 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' மனப்பாடம். மாணவனைப் பேசிக் காட்டச் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்க்கிற அந்தப் பார்வை அவருக்கு அந்த வகுப்பறையிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே அது நன்றாகப் பழகிக்கொள்ளக் கிடைக்கிறது.

இதே மலைக்கு உரியவள்தான் கொல்லிப்பாவை. சங்கப் பாடல்கள் அவளைத் தெய்வம் ஆக்கிய பாவை என்று பேசுகின்றன. பிற்காலத்தில் வளர்ந்த கதையில், தீங்கு செய்ய வருகிறவர்களை அவள் தன் சிரிப்பால் மயக்கிக் கொன்றுவிடுகிறாள். இலக்கியத்தில் சிரித்தே கொல்கிறவள் என்று இப்படி ஒருத்தியைக் கற்பனை செய்தவர்களுக்குச் சிரிப்பு வெறும் பொழுதுபோக்காகத் தோன்றியிருக்காது. கதையில் அவள் யாரைக் கொல்ல வேண்டும் என்பதும் தீர்மானமாகியிருக்கிறது: கெடுதல் செய்ய வந்தவனை. சிரிப்புக்கு ஆயுத பலம் உண்டு என்று ஒப்புக்கொண்டால் இலக்கு எது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

இப்படிக் கூறுபோட்டுப் பார்த்தால் சிரிப்பே மிஞ்சாது, ஒழுக்க போதனைதான் மிஞ்சும் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். சிரிப்பு சம்மதம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. யோசித்துச் சிரிக்கிறவன் சிரிக்கவே இல்லை. ஆனால் நான் பேசுவது சிரிப்பைப் பற்றியல்ல, சிபாரிசைப் பற்றி. சிரிப்பு அனிச்சையாக வரலாம். சிபாரிசு அப்படி வருவதில்லை. இன்னொருவருக்கு ஒன்றைக் கொடுக்கிறபோது யோசிக்க அவகாசம் இருக்கிறது.

தடை செய்யச் சொல்கிறேன் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1974-இலிருந்து 1981 வரை வந்த 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' என்ற தொடர் 1945-இன் தேவலாலி ராணுவ முகாமில் தொடங்குகிறது. அதில் ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளாக, முகத்தைக் கருப்பாக்கிக்கொண்டு நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர். அவர் பிறந்தது ஜான்சியில். பி.பி.சி. இந்தத் தொடரை மறு ஒளிபரப்புச் செய்வதைத் தவிர்த்தே வந்திருக்கிறது. அதைக் காட்டாமலிருப்பது மரியாதை என்று அவர்கள் நினைக்கலாம். எனக்கு அது ஒரு பழைய ரசீதைக் கிழித்துப்போடுவது மாதிரி தோன்றுகிறது. சாம்ராஜ்யம் முடிந்து முப்பது வருஷத்துக்குப் பிறகும் இங்கிலாந்து எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி. சாட்சியை நாம் பார்க்க வேண்டும்.

நாற்காலியை மாற்றிப்போடுகிற நகைச்சுவையும் இங்கிலாந்திலிருந்தே வந்திருக்கிறது. 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' முதலில் ரேடியோவில், பிறகு 1998-இலிருந்து தொலைக்காட்சியில். சஞ்சீவ் பாஸ்கரும் மீரா சயாலும் அவர்கள் கூட்டாளிகளும் செய்த அதன் பிரபலமான காட்சியில், இந்திய இளைஞர்கள் பம்பாயில் ஓர் 'இங்கிலீஷ்' ஹோட்டலுக்குப் போகிறார்கள். இங்கிலாந்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு இந்திய ஹோட்டலுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் செய்கிற அத்தனையையும் இவர்கள் அந்த வெள்ளைக்கார சர்வருக்குச் செய்கிறார்கள். பெயரைத் தப்பாக உச்சரிக்கிறார்கள், இருப்பதிலேயே உப்புச்சப்பில்லாதது எது என்று கேட்கிறார்கள். லண்டனில் இதைப் பார்த்துச் சிரித்த வெள்ளைக்காரனுக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு கணம் தெரிந்திருக்கும். நம்மூரில் பார்க்கிறவனுக்கோ இது வெள்ளைக்காரனைப் பழிவாங்குகிற தமாஷாக மட்டும் நின்றுவிடக்கூடும். கவுன்ட்டரில் நடப்பதற்கும் அதற்கும் உள்ள உறவை யாராவது சொன்னால் ஒழிய.

அதைச் சொல்வதுதான் சிபாரிசு செய்கிறவனின் வேலை. என்னைக் கேட்டால் 'ஃபால்ட்டி டவர்ஸ்' முதலில். மேலே குழைந்து கீழே சீறுகிற மனிதனை நாம் தினமும் ஆபீசில் பார்க்கிறோம். அவன் யார் என்று தெரிந்துகொள்ள டார்க்கி கடற்கரை வரை போவதில் தவறில்லை. 'யெஸ் மினிஸ்டர்' தொடரை ஃபைல் நகராமல் காத்திருக்கிறவர்களுக்குச் சிபாரிசு செய்வேன். நகர்த்தாதவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும். 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடரையும் பார்க்கச் சொல்வேன், ரஞ்சித்தின் பெஞ்சில் உட்கார்ந்து. அங்கிருந்து பார்த்தால் சில இடங்களில் சிரிப்பு வராது. சில இடங்களில், முக்கியமாக அவர்களுக்குள்ளேயே ரஞ்சித்தும் அலியும் சண்டை போட்டுக்கொள்ளும்போதும், வாத்தியார் தன் சொந்த விதியிலேயே மாட்டிக்கொண்டு விழிக்கும்போதும், முன்பைவிட நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புளியஞ்சோலைக்குக் குளிக்க வருகிற நகரத்துக்காரர்கள் பாசி படிந்த பாறையில் கால் வைத்து வழுக்கி விழுவதுண்டு. கரையில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருக்கும் மலைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். விழுந்தவர் எழுந்து முறைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடுவார்கள். எழுந்தவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பழத்துக்கு விலை கேட்கிறதும் உண்டு. அதைப் பார்க்கும்படி நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. பாறை எங்கே வழுக்கும் என்று மட்டும் சொல்வேன்.